பழைய உடையில் நான்கு நிமிடம்

"ஒரு தடவையாவது நான் சொல்ல வந்ததை நானே முடிக்கிறேனே, அருண்."

"நான் ஹெல்ப்தானே பண்றேன். இதுல கோபப்பட என்ன இருக்கு லா?"

இரண்டு வருடங்களுக்கு முன் சமையலறையில் நடந்த பேச்சு. அது வளர்ந்து வளர்ந்து, அருண்ராஜ் ஒரு பெட்டியோடு சிங்கப்பூரிலேயே தஞ்சோங் பகாரில் நண்பன் வீட்டு அறைக்குப் போய்விட்டான். கொஞ்ச நாளைக்கு என்றுதான் இருவருமே சொல்லிக்கொண்டார்கள். தேக்கா சந்தைக்கு எதிரே ரோச்சோர் கால்வாய் ஓரம் நடந்து வரும்போது யாமினிக்கு அது வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது. கட்டியிருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய பச்சைப் பருத்திப் புடவை. காலையில் மடிப்பு ஒழுங்காக வராமல் மூன்று முறை பிரித்துக் கட்டினாள். இன்று வேறு புடவை கட்ட வழியில்லை.

கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து நகர வடிகால்களைப் பற்றி ஓர் இணையப் பாடம் எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். ஒவ்வொரு பருவமும் அதே காணொளிகள்தான். இதுவரை முப்பத்தெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தப் பிரிவு தெரியாது. ஒருவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறீர்களே, எவ்வளவு அழகு என்று கலந்துரையாடல் பக்கத்தில் யாராவது எழுதுவார்கள். முடிப்பது எப்போதும் அருண்தான் என்பதை யாரும் கவனித்ததில்லை. யாமினி நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவாள். அவன் பெயருக்குப் பக்கத்தில், இணைப்பில் இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை மூட மனம் வராது.

போன மாதம் கானாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் நான்காம் வாரப் பாடத்தில் ஒரு தவறைக் கண்டுபிடித்தார். எடுத்துக்காட்டு மழையில் தண்ணீர் கால்வாயின் விளிம்பைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று யாமினி சொல்ல வாயெடுக்கும்போது, அருண் குறுக்கே புகுந்து முப்பது நிமிடம் என்று முடித்திருந்தான். சரியான விடை பன்னிரண்டு. அந்தத் தவறு வரும் நான்கு நிமிடக் காட்சியை மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒட்ட வேண்டும் என்பதால் அதே இடம், அதே பத்து மணி வெயில், அதே உடை.

அருண் முன்பே வந்திருந்தான். நீலச் சட்டையில் வயிற்றருகே ஒரு பட்டன் மாட்டவில்லை. ஒளிப்பதிவாளர் ஜோனா அதை ஊக்கால் இழுத்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"சார், மூச்சு விடாதீங்க. ஊக்கு பறந்து என் லென்ஸ்ல அடிச்சா ரிப்போர்ட் எழுதணும்."

யாமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

"ரெண்டு வருஷமா ஹாக்கர் சென்டர் கடைச் சாப்பாடு. நீ அப்படியே இருக்க."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் தட்டி, அனுப்பாமல் அழித்துவிடும் ஒரு வரி அவளிடம் இருந்தது. இந்த நான்கு நிமிடம் முடிந்தால், சேர்ந்து நிற்க இன்னொரு காரணம் கிடைக்காது.

படப்பிடிப்பு தொடங்கியது. தண்ணீர் விளிம்பைத் தொட, என்று சொன்னவள் பழக்கத்தில் அங்கேயே நின்றுவிட்டாள். அவன் குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுபவனைப் போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று அவளே முடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஓர் எண்ணைச் சொன்னதே இல்லை.

சுற்றுச் சத்தத்தைப் பதிவு செய்ய அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னாள் ஜோனா. பேருந்து போயிற்று, மைனா கத்தியது. பிறகு போதும் என்று கையசைத்துவிட்டு, கேமராவைக் கழற்றிக்கொண்டு வண்டிப் பக்கம் போனாள்.

"அருண், வீட்டுக்கு..."

அங்கேயே நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்தாள். அவன் வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து மிச்சச் சாமானை எடுத்துப் போகச் சொல்வாளோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இழுத்துப் பிடித்திருந்த மூச்சில் ஊக்கு தெறித்துக் கால்வாய்க்குள் விழுந்தது. சட்டையை ஒரு கையால் பிடித்தபடி, அவள் முடிக்கக் காத்திருந்தான்.

"வீட்டுக்கு வந்துடுங்க," என்றாள் யாமினி.