மூணு மணி லைவ்

“இசைவாணி மேடம், மூணு மணிக்கு லைவ். பேச ரெண்டே நிமிஷம்தான், ரெடியாயிடுங்க” என்று சொல்லிவிட்டு நிருபர் சகாயராஜ் போனை வைத்தபோது மணி இரண்டு பத்து. டிவிக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான், பிசைந்த சோற்றோடு எழுந்திருக்க வைப்பார்கள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். பயிர் பற்றிச் சேதி வந்தால் என் நம்பர்தான் அவர்களுக்கு முதலில் அகப்படும். வேறு நாளாயிருந்தால் முடியாது என்றிருப்பேன். அன்று காலையில்தான் முகையூரிலிருந்து என் மாணவி ஒருத்தியின் அம்மா, வீரம்மாள் அக்கா, பேசியிருந்தார்.

“நாலு நாள் மழைல மல்லாட்டை மண்ணுக்குள்ளயே மொளச்சிப் போச்சிம்மா. மேல பார்த்தா செடி பச்சப்பசேல்னு கீது. கணக்கெடுக்க வர்றவங்க ரோட்டுலயே ஜீப்ப நிறுத்திப் பார்த்துட்டு, சேதமில்லன்னு எழுதிக்கினு போறாங்க. நாளைக்கு எங்க ஊரு. அதோட நிவாரணம் முடிஞ்சிது.”

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை. இதை இன்றைக்கே சொன்னால்தான் உண்டு.

என் வீட்டுக்காரர் கோபிக்குக் கூட்டேரிப்பட்டில் செல்போன் கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவரைப் பிடித்து, டிவிக்காரர் மாதிரிக் கேள்வி கேட்க உட்காரவைத்தேன். மழையளவு, ஏக்கர் கணக்கு, விதை உறக்கம் என்று மளமளவென்று இரண்டு பக்கம் எழுதினேன்.

“நிலக்கடலை என்பது பயறு வகைக் குடும்பத்தைச்...”

“பிரேக்!” என்றார் கோபி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

“பொதுவாக, விதை முளைத்தல் என்பது...”

“பிரேக்! இன்னா இசை, இது கிளாஸா? உன் ரெண்டு நிமிஷம் போயே போச்சி.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம் பாடம் நடத்திய வாய்க்கு, வரையறை சொல்லாமல் எதையும் தொடங்கத் தெரியாது. எட்டாவது பிரேக்கில் காகிதத்தைத் தூக்கி எறிந்தேன்.

“அப்போ நான் இன்னாதான் சொல்றது?”

“அந்தக்கா உங்கிட்ட இன்னா சொல்லுச்சோ, அதச் சொல்லு.”

மூன்று ஐந்துக்கு லைன் வந்தது. ஸ்டுடியோவிலிருந்தவர் எடுத்த எடுப்பிலேயே, “கடலை எண்ணெய் விலை ஏறுமா, மேடம்?” என்றார். அடக் கடவுளே, இதை நாங்கள் ஒத்திகையே பார்க்கவில்லை. வாய் தானாக, “பொதுவாக...” என்று ஆரம்பித்தது. எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்ற கோபி முறைத்தார்.

“விலை இருக்கட்டுங்க சார். முகையூர் பக்கம் மல்லாட்டைச் செடி மேல பச்சையா நிக்குது, அடியில காய் பூரா மொளச்சிக் கிடக்குது. ரோட்டுலேர்ந்து பார்த்தா தெரியாது. கணக்கெடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு மல்லாட்டைக் கொல்லையில எறங்கி, ஒரு செடியையாவது புடுங்கிப் பாருங்க.”

விளம்பரம் போட்டுவிட்டார்கள். யார் பார்த்திருப்பார்கள், பார்த்தாலும் யார் இறங்குவார்கள் என்று புலம்பித் தீர்த்தேன். கோபி கடைக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷன் இல்லையென்றால் இன்று பயறு வகைக் குடும்பத்தோடு முடிந்திருக்கும். மனசு நிறைந்துபோய், “ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்று வாய்விட்டே சொன்னேன்.

“தேங்க்ஸ் கெடக்கட்டும், கொழம்ப சூடு பண்ணு” என்றார்.

மறுநாள் பதினோரு மணிக்கு வீரம்மாள் அக்கா வீடியோ கால் போட்டார். வகுப்பிலிருந்து வெளியே வந்து எடுத்தேன். அவர் முகம் தெரியவில்லை, போனைக் கடலைக் கொல்லைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். ஒரே சேறு. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, செருப்பில்லாமல், ஒரு அதிகாரி குந்தியிருந்தார். இரண்டு கையாலும் செடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். மண்ணை உதறினார். காய்க்குக் காய் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. செடியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திருக்காமல், குந்தியபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

“இது ஏழாவதும்மா” என்று அக்கா கிசுகிசுத்தார்.