ஜூன் முப்பத்தொன்றாம் தேதியின் நீர்மட்டம்

பனியாறு என்றதும் சலசலவென்று ஓடுகிற ஒன்றை நினைத்துவிடாதீர்கள். மலை மடிப்பில் மைல் கணக்கில் படுத்துக் கிடக்கிற பனிக்கட்டி அது. நகரும், ஆனால் நகர்வது நம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் காலத்தில் மேலே உருகுகிற தண்ணீர் ஓட்டைகளில் விழுந்து அடிக்குப் போய்விடும். அங்கே, பனிக்கும் பாறைக்கும் நடுவில், அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்தவர் யாருமில்லை. தரையில் ஈரப்பாய் கிடக்கிறது, அதைத் தூக்காமலே அடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறதென்று சொல்லவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? பாயின் கனம் இருநூறு மீட்டர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் கணக்கம்மாவின் வேலை.

கணக்கம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். மூன்றாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிப் பெட்டி மட்டுமே தெரிகிற அறையில், ஏழு வருடமாக ஒரே பனியாற்றின் அடியில் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தாள், கணினிக்குள். தண்ணீர் அதிகமானால் பனியை அரித்துச் சுரங்கம் போட்டுக்கொள்ளும். குறைந்தால் பனி தன் கனத்தாலேயே சுரங்கத்தை நெரித்து மூடிவிடும். அப்புறம் தண்ணீர் வேறு பக்கம் வழி தேடும். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி ஓயாத இந்த இழுபறியைத்தான் அவள் சமன்பாடுகளாக எழுதி வைத்திருந்தாள். அதற்கு மாடல் என்று பெயர்.

மாடல் சொல்வது சரியா என்று பார்க்க ஒருவர் இருந்தார். பனியாற்றின் வாய்க்கு அருகே, மேற்கு ஓடையில், ஓர் அளவுகோல் நட்டிருந்தது. அளவுகோல்காரர் தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்துப் படிவத்தில் எழுதி மாதக் கடைசியில் அனுப்புவார். அந்த எண்ணோடு ஒத்துப்போகிற வரை கணக்கம்மா தன் மாடலைத் திருகித் திருகிச் சரிசெய்வாள். திடீரென்று தண்ணீர் ஏறி அந்த மனுஷன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அடுத்த மாதம் மாடல் எதிர்பார்க்கிற நீர்மட்டங்களை அச்செடுத்து முன்கூட்டியே அவருக்கு அனுப்பியும் வைப்பாள். நல்ல மனசு, பாவம்.

முதலில் மாடலும் ஓடையும் நூற்றுக்கு எழுபத்தொன்று ஒத்துப்போயின. இரண்டே வருடத்தில் அது தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டுக்கு ஏறியது. இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தீங்களா, இயற்கையே நம்ம மாடலைப் பார்த்துத் திருந்திக்கிட்டு வருது," என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொன்னார். மேலிடம் ஒரு கேடயம் அறிவித்தது. வெள்ளிக்கிழமை விழா. அதே மேடையில் இன்னொரு காகிதத்திலும் கையெழுத்தாக வேண்டும். மேற்கு ஓடை இந்தப் பருவத்தில் பொங்கும் என்று மாடல் சொன்னதால், மேற்குக் கரையில் தங்கியிருந்த சாலைப் பணியாளர்களின் நாற்பது கொட்டகைகளையும் கிழக்குக் கரைக்கு மாற்றுகிற உத்தரவு அது.

அந்தக் கொட்டகைகளில் ஒன்றுதான் சமையல்கூடம். அங்கே சமைக்கிறவள் கணக்கம்மாவின் சொந்த அக்கா.

"ஏண்டி, மூட்டையெல்லாம் கட்டியாச்சு," என்று செவ்வாய்க்கிழமை போனில் சொன்னாள் அக்கா. "நாலு பேர் வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சாங்க. என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்ன இடம்டா, கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கலாம்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன். வாயை மூடிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

கணக்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. புதன்கிழமை காலை விழாவுக்காகக் கோப்பை அடுக்க உட்கார்ந்தாள். ஜூன் மாதப் படிவத்தைப் புரட்டும்போது கடைசி வரியில் கை நின்றது.

ஜூன் 31. நீர்மட்டம் ஒரு மீட்டர் நாற்பத்துநாலு. குறிப்பு: லேசான தூறல்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஜூனுக்கு ஏது முப்பத்தொன்று? தன் மாடலைத் திறந்தாள். மாதங்களின் நாள் கணக்கை இந்த வருடம் புதிதாக அடித்தபோது ஜூனுக்கு முப்பத்தொன்று என்று அவளேதான் அடித்துவைத்திருந்தாள். மாடலும் சொன்ன பேச்சைக் கேட்டு, இல்லாத நாளுக்கு ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு என்று தண்ணீர் விட்டிருந்தது. அதெல்லாம் சரி, கணினிக்குள் ஓடிய தண்ணீர் மலையடிவாரத்தில் எப்படி நனைத்தது?

அளவுகோல்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஜூன் முப்பத்தொண்ணு அன்னைக்குத் தூறலா?"

"மாட்டிக்கிட்டேனாம்மா?"

"தண்ணியைப் பார்த்துதான் எழுதுறீங்களா அண்ணே?"

"தண்ணி எங்கேம்மா இருக்கு? அது போய் ரெண்டு வருஷமாச்சு. கோல் மணல்ல நிக்குது. நான் அதுல கொடி கட்டித் துணி காயப்போடுறேன்."

"ஐயோ! ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

"மூணு தடவை எழுதினேன். ஓடையில தண்ணி இல்லைன்னு. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை, எண்ணால மட்டும் நிரப்பவும்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. சரி, சைபர் போட்டேன். கருவி பழுதுன்னு என் மேலேயே விளக்கம் கேட்டாங்க. அப்பதான் உங்க தாளைப் பார்த்தேன். படிச்சவங்க, மெஷின்ல போட்டுச் சொல்றீங்க. இல்லைன்னு சொல்ல நான் யாரு? ஒத்தைப்படை நாள்ல ரெண்டு சென்டிமீட்டர் கூட்டுவேன், இரட்டைப்படை நாள்ல ரெண்டு குறைப்பேன். அப்படியே எழுதினா காப்பி அடிச்ச மாதிரி இருக்குமே."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆக, மாடல் சொன்னதை இவர் எழுத, இவர் எழுதியதைப் பார்த்து மாடல் தன்னைத் திருத்திக்கொள்ள, இரண்டு வருடமாகக் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாடி தலை சீவிக்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணே, இப்ப தண்ணி எந்தப் பக்கம் வருது?"

"கிழக்கே. பாறை இடுக்குல இருந்து நுரை தள்ளிக்கிட்டு வரும். பத்து நாளா அதுவும் வரலை. உள்ளே எங்கேயோ உறுமுற சத்தம் மட்டும் கேக்குது."

பனி சுரங்கத்தை நெரித்து மூடியிருக்கிறது. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. பொறுக்க முடியாமல் ஒருநாள் உடைத்துக்கொண்டு வரும், கிழக்குப் பக்கமாக. ஏழு வருடம் இந்தப் பாடத்தைத்தானே எழுதினாள்? கோலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

இயக்குநர் கேடயம் மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த முப்பத்தொண்ணை அடிச்சிடுங்க," என்றார்.

"சார்?"

"அந்த ஒரு நாளை எடுத்துட்டா தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது வருமே!"

"சார், ஓடையே இல்லை சார்." அளவுகோல்காரர் அனுப்பிய படத்தைக் காட்டினாள். கோலிலிருந்து கொடி, கொடியில் இரண்டு சட்டை, ஒரு போர்வை.

இயக்குநர் உற்றுப் பார்த்தார். "சட்டை ஈரமாத்தானே இருக்கு?"

"கிழக்குக் கரையில நாற்பது கொட்டகை வரப்போகுது. என் அக்காவும் அங்கேதான் போறா."

"உங்க குடும்ப விஷயத்தை அலுவலகத்துக்குக் கொண்டு வராதீங்கம்மா. வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் ஒரு குழு போட்டு, குழுவுக்கு ஒரு துணைக்குழு போட்டு, நிதானமாப் பார்க்கலாம். உங்க ஒப்பந்தமும் இந்த மாசம் முடியுதில்ல?"

அவள் தன் இடத்துக்குத் திரும்பினாள். மாற்றல் உத்தரவில் மாடலின் துல்லியம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள்தான். தொண்ணூறுக்குக் கீழே போனால் எந்த மாடலையும் நம்பி ஒரு கொட்டகையைக்கூட நகர்த்தக் கூடாது என்பது விதி. இரண்டு வருடப் படிவங்களிலும் சைபர் போட்டு மாடலை ஓட்டினாள். பொருந்தாமல் ஒவ்வொரு வரியாகச் சிவந்துகொண்டு போனது. ஏழு வருட உழைப்பு. பெற்ற பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் தாயே கையெழுத்துப் போடுகிற மாதிரி, கட்டத்துக்குள் எழுதினாள்: பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமை மேடையில் உத்தரவை வாங்கிய பெரிய அதிகாரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டுன்னு சொன்னீங்களே?"

"அது மாடலுக்கும் மாடலுக்கும் உள்ள ஒற்றுமை சார்," என்றாள் கணக்கம்மா. "இது மாடலுக்கும் தண்ணிக்கும்."

கேடயம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. இயக்குநர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். சுவரில் அடித்த ஆணியில் தன் குடையை மாட்டினார். சாயங்காலம் அக்காவின் போன் வந்தது.

"ஏண்டி, என் மானத்தை வாங்கிட்டியே! பாத்திரம் பண்டமெல்லாம் மறுபடி அவிழ்க்கிறேன். நூத்துக்குப் பன்னிரண்டாமே? ஊரே சிரிக்குது. நீ பள்ளிக்கூடத்துலகூட அவ்வளவு கம்மியா வாங்கினதில்லையேடி!"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. நீ மேற்குலயே இரு. கிழக்கே மட்டும் யாரையும் விடாதே, உனக்குப் புண்ணியமா போகும்."

"அதுவும் உன் கம்ப்யூட்டர் சொல்லுதா?"

"இல்லக்கா. நான் சொல்றேன்."

"சரி, சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

ஆறாம் நாள் மதியம், கணக்கம்மா மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் பேச்சுக் குரல் எதுவுமில்லை. லாரி லாரியாகக் கல் கொட்டுகிற மாதிரி ஓயாத இரைச்சல். ஏழு வருடத்தில் அந்தத் தண்ணீரின் சத்தத்தை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"கேக்குதாடி?" அக்கா தொண்டை கிழியக் கத்தினாள். "கிழக்கே! எங்களுக்குக் கோடு போட்டு வெச்சிருந்தாங்களே, அந்த இடம் முழுக்க! நாங்க எல்லாரும் இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருக்கோம்!"

"எத்தனை பேர் நிக்கிறீங்க? எண்ணிச் சொல்லு."

"எல்லாரும்தாண்டி."

"எண்ணுக்கா!"

அந்த இரைச்சலுக்கு நடுவே, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அக்கா எண்ண ஆரம்பித்தாள். கணக்கம்மா ஒரு காலிப் படிவத்தைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் ஒவ்வொரு கோடாகக் கிழித்துக்கொண்டே வந்தாள்.