விசிறி இல்லாத படகு

என் தம்பி வின்சென்ற்றுக்கு வேகம் என்றால் பைத்தியம். ஊரைவிட்டு வந்து, ஒடாஹுஹு என்ற அந்நிய ஊரில் நானும் என் கணவர் டொமினிக்கும் அவனும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். தரையில் படுக்கிறாயே, கட்டில் ஒன்று வாங்கு என்றேன். தான் வேலை செய்த கராஜ் முதலாளியிடமிருந்து பழைய ஜெட் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்டினான்.

1986 ஜூலையில் மழை விடாமல் கொட்டியது. வைக்காட்டோ ஆறு கரைமீறி ஓடியது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஆண்கள் இருவரும் கஹவாய் மீன் பிடிக்கப் புறப்பட்டார்கள். கலங்கல் தண்ணீரில் மீன் கரையோரம் ஒதுங்குமாம். போகாதீர்கள் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? சோற்றைக் கட்டிக்கொண்டு நானும் கூடப் போய்த் தொலைந்தேன்.

படகை இறக்கும்போது வின்சென்ற் சொன்னது என் காதில் விழுந்தது.

"அத்தான், இதுக்கு அடியிலை சுத்துற விசிறி இல்லை. தண்ணியை உறிஞ்சிப் பின்னாலை பீச்சித்தான் ஓடுது. எஞ்சின் ஓடினால்தான் வீல் கேக்கும். நிப்பாட்டினால் எங்கை திருப்பினாலும் ஆறு இழுக்கிற பக்கம்தான் போகும். விளங்கிச்சுதோ?"

"ஓம், ஓம். எனக்கே படகு படிப்பிக்கிறாய்!" என்று டொமினிக் சிரித்தார். மன்னார்க் கடலில் வளர்ந்தவர் அவர்.

மிதவைச் சட்டைகள் இரண்டையும் இருக்கையில் விரித்து, அவற்றின்மேல் சொகுசாக உட்கார்ந்து போனார்கள். முட்டாள்கள்.

தம்பி படகை மேலும் கீழுமாகப் பறக்கவிட்டான். நான் கரையில் குடையோடு நின்று திட்டிக்கொண்டிருந்தேன். மீன் கொத்தியதும் வீலை டொமினிக்கிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். மிதந்து வந்த மரம் ஒன்று படகில் இடித்தது. தூண்டிலோடு தண்ணீரில் விழுந்தான்.

ஆறு அவனை இழுத்து வந்து, பாதி மூழ்கிக் கிடந்த வில்லோ மரத்தில் சேர்த்தது. கொப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். அப்பாடா, தப்பிவிட்டான் என்று நினைத்தேன். டொமினிக் படகைத் திருப்பி, ஓட்டத்தை எதிர்த்து நிதானமாக நெருங்கினார். தம்பி ஒரு கையை நீட்டினான். பிறகு படகு இடையில் வந்து அவனை மறைத்தது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் சத்தம் நின்றது.

மன்னாரில் தண்ணீரில் கிடப்பவனை நெருங்கும்போது முதலில் எஞ்சினைத்தான் நிறுத்துவார்கள். நிறுத்த மறந்த ஒரு நாளில் டொமினிக்கின் அண்ணனுடைய கால் விசிறியில் போனது. துண்டான அந்தக் காலை, உடுத்திருந்த சாரத்தில் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவர் டொமினிக்தான்.

படகு பக்கவாட்டில் சரிந்து பின்னால் போனது. அவர் வீலைச் சுழற்றினார், சுழற்றினார். எஞ்சின் மறுபடி பிடித்து அவர் திரும்பி வந்தபோது கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தம்பியின் உடல் வெள்ளிக்கிழமை ஆற்றுமுகத்தில் கிடைத்தது.

விசாரிக்க வந்த பொலிஸ்காரன் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். டொமினிக்குக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். கான்வென்ட்டில் படித்த நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன். எஞ்சினை நிறுத்தினால் வீல் கேட்காது என்று வின்சென்ற் இவருக்குச் சொல்லியிருந்தானா என்று கேட்டான்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. தம்பி போய்விட்டான். இவரையும் கொண்டுபோய் அடைத்துவிட்டால் நான் எங்கே போவேன்? "நோ" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

டொமினிக் தலையை நிமிர்த்தினார்.

"என்ன கேட்டவர்?"

"ஒண்டுமில்லை. பேசாமல் இருங்கோ."

வின்சென்ற்றின் பெயரும் என் 'நோ'வும் காதில் விழுந்ததே அவருக்குப் போதும், விளங்கிவிட்டது. பொலிஸ்காரனைப் பார்த்து, "யெஸ். ஹீ டெல் மீ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவனிலை பழி போடாதை, டோறின். அவன் சொன்னவன். என்ர கைதான் கேக்கேல்லை." வலது கையை விரித்துப் பார்த்தார். "நான் வந்திட்டன் எண்டு நம்பி, அவன் கொப்பைப் பிடிச்சிருந்த மற்றக் கையையும் விட்டவன்."

கரையிலிருந்து எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பொலிஸ்காரன் பேனாவைப் பிடித்தபடி, நான் மொழிபெயர்ப்பேன் என்று காத்துக்கொண்டிருந்தான்.