நல்ல இருட்டு

கொழுந்தன் ஸ்டூலில் ஏறி, மாடிப்படி பல்பை ஒரு திருகு திருகினான். பளிச்சென்று எரிந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவன் எலக்ட்ரீஷியன். தானாகத் தளர்ந்த பல்புக்கும் ஆள் கழற்றிய பல்புக்கும் வித்தியாசம் தெரியாதவனா? தூசி படிந்த கண்ணாடியில் அவள் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. அவன் அவளை ஒரு முறை பார்த்தான். சட்டை நுனியால் பல்பைத் துடைத்துவிட்டு இறங்கினான்.

"ஃபியூஸ் போகல அண்ணி" என்றான். அவ்வளவுதான்.

கூடத்தில் மாமனாரைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மாலை வரை, "வால்நட்சத்திரத்தோட வாலையே எம் மருமக புடிச்சிட்டா, தெரியுமா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த மனுஷர்.

அந்த வால்நட்சத்திரம் பொழுது சாய்ந்ததும் மேற்கே தாழ்வாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அதற்குள் டெலஸ்கோப்பில் கேமராவைப் பூட்டி, அடுத்தடுத்துப் படம் எடுத்துத் தள்ள வேண்டும். படிக்கட்டு வெளிச்சம் மாடியில் விழுந்தால் எல்லாம் பாழ். சுவிட்சோ கீழே, யாராவது போட்டுத் தொலைப்பார்கள். அதனால் பல்பையே கொஞ்சம் கழற்றி வைப்பாள். யாராவது மேலே வருவதென்றால் ஓடிப்போய் ஸ்டூல் போட்டுத் திருகிவிடுவாள். நேற்று, "மாமா, வந்து பாருங்க! சீக்கிரம்!" என்று மேலிருந்து கத்தியவளே அவள்தான். கத்திவிட்டு மறுபடி கேமராவிடம் போய்விட்டாள். படம் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. பல்பு நினைவுக்கு வந்தது, இருட்டில் மாமனார் படியில் உருண்ட சத்தம் கேட்ட பிறகுதான்.

"சுவிட்சு போட்டது போட்டபடி இருக்கு. லைட்டுதான் எரியலையாம்" என்றாள் மாமனாரின் தங்கை. அழுகைக்கு நடுவிலும் அத்தையின் நாக்குக்கு ஓய்வில்லை. "ஊருக்கெல்லாம் லைட்டு போடுற புள்ள. பெத்தவன் ஏறுற படிக்கு ஒரு பல்பு பாக்க நேரமில்ல. நல்லா இருக்குடா உன் லட்சணம்!"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அத்தையிடம் டீ டம்ளரை நீட்டினாள். வெட்கங்கெட்ட கை, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

மெடிக்கல் ஷாப்காரர் வந்தார். அவளோடு சேர்ந்து வானம் பார்க்கிற குழுவில் ஒருவர். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து செருமினார். பிறகு போனை எடுத்தார். நேற்று மாடியிலிருந்து சுடச்சுட அவள் அனுப்பிய படம்.

"அப்பா பாக்க வந்தது இதைத்தான் சார். என்னமா வந்திருக்கு பாருங்க. அந்தப் படிக்கட்டு லைட்டைக் கழட்டிட்டீங்கபோல. நல்ல இருட்டு."

பாவம், பாராட்டத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

கணவன் எழுந்தான். "கழட்டியிருந்துச்சா? யார் கழட்டினது?"

அவள் வாயைத் திறந்தாள். பார்வை கொழுந்தனிடம் போனது.

"நான்தான்ணே" என்றான் கொழுந்தன். "படம் நல்லா வரட்டுமேன்னு வேலைக்குப் போறப்ப கழட்டினேன். சொல்ல மறந்துட்டேன்."

கொழுந்தன் கன்னத்தில் அறை விழுந்த சத்தத்தில் அத்தைகூட வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பாவைக் கொன்னுட்டியேடா!" கணவனுக்கு மூச்சு வாங்கியது. சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். சொன்ன வாயைப் பிய்த்துப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

பின்கட்டுக் குழாயடியில் கொழுந்தன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து கிடந்தன.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னே?"

"என்னைன்னா கொஞ்ச நாளைக்குப் பேசமாட்டாரு. உங்களைன்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவாரு."

"நான் சொல்லிடறேன்."

"சரி அண்ணி" என்றான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்வான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதுதான் அவளை இன்னும் கூசிப்போக வைத்தது.

சுடுகாட்டுக்குப் போகும் வண்டி வந்தது. மாமனாரைப் பின்பக்கமாக ஏற்றினார்கள். பக்கவாட்டு பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம். கணவன் முதலில் ஏறினான். கொழுந்தன் படியில் கால் வைத்ததும் குறுக்கே கை நீட்டினான்.

"நீ ஏறாதே. அவர் பக்கத்துல உக்கார உனக்கு அருகதை இல்லை."

கொழுந்தன் காலை எடுத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். கெஞ்சவில்லை, கோபிக்கவுமில்லை. சும்மா பார்த்தான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ வாம்மா" என்று கணவன் அவளிடம் கையை நீட்டினான். "பொம்பளைங்க வர்றதில்லேன்னாலும் பரவாயில்ல. உன்மேல உயிரையே வெச்சிருந்தாரு."

அவள் அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். தலைமாட்டில், மகன் உட்கார வேண்டிய இடத்தில், உட்கார்ந்தாள்.

வண்டி மெதுவாக நகர்ந்தது. கொழுந்தன் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து வந்தான். திருப்பத்தில் வண்டி வேகமெடுத்ததும் நின்றான். பின்னால் சைக்கிளில் வந்தவர் மணியடிக்கவே, ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.