மஞ்சள் கடுதாசியும் மூன்று அண்டாவும்

செக்காலை ரோட்டில் இலைக்கடை வைத்திருக்கும் செபஸ்தியான், அன்று காலை பதினோரு மணிக்குத் தலைவாழை இலைகளை நுனி மடியாமல் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் வந்து ஒரு ரிஜிஸ்டர் தபாலை நீட்டினார். கோர்ட்டிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் செபஸ்தியான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நா வாங்க மாட்டேன். கொண்டுட்டுப் போங்க."

"வாங்க மறுத்தார்னு எழுதி அனுப்பிருவேன். அதுவும் வாங்குன மாதிரித்தான்," என்றார் தபால்காரர்.

"என்னத்தையும் எழுதிக்கங்க. கையெழுத்துப் போட்டாத்தான அது நம்மளக் கட்டும்?"

கடைக்குள்ளிருந்து வந்த அவர் மனைவி இன்பமேரி, கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தாள். சமையல் கான்ட்ராக்டர் பொன்னழகு, யாருடைய கடனையும் தன்னால் அடைக்க முடியவில்லை, தன்னை நொடித்துப்போனவனாக அறிவிக்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார். கடன் கொடுத்தவர்கள் என்று பதினோரு பேர். ஆறாவது பெயர் செபஸ்தியான். இலை கொடுத்த வகையில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.

இதற்கு நம் ஊரில் மஞ்சள் கடுதாசி என்று பெயர். காகிதம் வெள்ளையாக வந்தாலும் மஞ்சள் கடுதாசிதான். அது வந்துவிட்டால் பணம் போச்சு என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுபவர்கள் பாதிப் பேர். கிளம்பிப் போய்க் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் மீதிப் பேர். உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று கடைசி வரி வரைக்கும் படிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செபஸ்தியான் இரண்டாவது ரகம். மத்தியானமே தன் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு பொன்னழகின் சமையல் கொட்டகைக்குப் போனார். மூன்று பெரிய பித்தளை அண்டாக்களையும் ஒரு கிரைண்டரையும் ஏற்றினார். அங்கிருந்த ஆட்கள் தடுக்கவில்லை. அவர்களுக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

கோபம் மட்டும் காரணமில்லை. அரியக்குடியில் வாழை போட்டிருக்கும் பெரியகருப்பனுக்குச் செபஸ்தியான் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர வேண்டும். அதைத் தராமல் இனி ஒரு இலைகூடக் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. முகூர்த்தத்தில் இலை இல்லாத இலைக்கடையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

அண்டாக்கள் வீட்டு முன்னறையை அடைத்துக்கொண்டன. வாசலில் எந்த வண்டி மெதுவாகப் போனாலும் செபஸ்தியான் எழுந்து ஜன்னலுக்குப் போனார். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் கதவைச் சாத்தினார், ஒரு நிமிஷத்தில் திறந்தார். தன் பணத்துக்குத்தான் எடுத்து வந்தோம் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தும் மனசு கேட்கவில்லை.

"நீங்க உக்காரவும் மாட்டேங்கிறீக, நிக்கவும் மாட்டேங்கிறீக. கெளம்புங்க, வக்கீலப் பாத்துட்டு வருவோம்," என்று மறுநாள் இன்பமேரி அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

வக்கீல் சத்தியப்பிரியா கடுதாசியை நிதானமாகப் படித்தாள். அண்டா விஷயத்தைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தாள்.

"என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக? மனு முடியிற வரைக்கும் அவரையோ அவரு சொத்தையோ யாரும் தொடக் கூடாதுன்னு கோர்ட்டு பாதுகாப்புக் குடுத்திருக்கு. அவரு சொத்தப் பாத்துக்க ரிசீவர்னு ஒரு ஆளயும் போட்டிருக்கு. நீங்க எடுத்தது அந்த ரிசீவர் பொறுப்புல இருக்க வேண்டிய பொருளு."

"அப்ப எங்க பணம் போனது போனதுதானா?"

"அது யாரு சொன்னது? பாதுகாப்பு தற்காலிகம்தான். மனு சரியில்லன்னு நீங்க எதிர்மனுப் போடலாம். அவரக் கூண்டுல ஏத்திக் கேள்வி கேக்கலாம். தனியாக் கேஸ் போடணும்னாக்கூட கோர்ட்டுகிட்ட அனுமதி கேக்கலாம். சொத்த மறைச்சிருந்தா அதச் சொல்லலாம். எதாச்சும் தெரியுமா?"

ஊரில் இலைக்காரருக்குத் தெரியாத விசேஷம் உண்டா? போன தை மாதம் நேமத்தான்பட்டியில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புக்கு முந்நூறு இலை போட்டது செபஸ்தியானுக்கு நினைவு வந்தது. பொன்னழகு வாசலில் நின்று வரவேற்ற வீடு. மனுவில் அந்த வீடு இல்லை.

சத்தியப்பிரியா அங்கேயே கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாள். பொன்னழகு தன் மச்சினனுக்கு அந்த வீட்டைத் தானமாக எழுதிக் கொடுத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"ரெண்டு வருசத்துக்குள்ள சும்மா தூக்கிக் குடுத்த சொத்து. ரத்துப் பண்ணச் சொல்லிக் கேக்கலாம். கெடைச்சா பதினோரு பேருக்கும் பங்கு வரும். மொதல்ல அண்டாவ ரிசீவர்கிட்ட ஒப்படைங்க. அத வீட்டுல வச்சுக்கிட்டு அவரு மறைச்சத நீங்க சொன்னா யாரு கேப்பாக?"

வழி தெரிந்துவிட்டது. ஆனால் அன்று சாயங்காலமே பொன்னழகு போன் பண்ணினார்.

"செபஸ்தி, அண்டாவ நீயே வச்சுக்க. நா போலீசுக்குப் போகல. வாயிதா அன்னிக்கு மட்டும் கோர்ட்டுப் பக்கம் வராத. அவ்வளவுதான்."

செபஸ்தியானின் மனசு ஆடிப்போனது. பாத்திரக்கடையில் விற்றால் பெரியகருப்பன் கடன் அடையும், இலை வரும், கடை நடக்கும். மீதிப் பத்துப் பேர் எப்படியும் போகட்டும் என்று நினைத்தார். நினைத்தது தப்பு என்றும் அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் இங்குட்டும் அங்குட்டும் நடந்தாரே தவிர ஒரு முடிவுக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் பெரியகருப்பனே பணம் கேட்டு வந்துவிட்டார். செபஸ்தியான் முன்னறையைக் காட்டினார்.

"அண்ணே, திங்கக்கெழமை இத வித்து ஒங்க காசத் தந்திர்றேன்."

"யாரு அண்டா?"

"பொன்னழகு மாஸ்டரோடது."

"அவரு குடுத்தாரா?"

"நாந்தான் தூக்கியாந்தேன். எனக்குத் தர வேண்டியதுக்கு எடுத்தேன்."

பெரியகருப்பன் சுவரில் மாட்டியிருந்த லோடு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அண்ணே, என்ன பண்றீக?"

"எனக்கு நீ தர வேண்டியதுக்கு இத எடுத்துக்கிறேன்."

ஆட்டோ கிளம்பிவிட்டது. செபஸ்தியான் செருப்புக்கூடப் போடாமல் பின்னால் ஓடினார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு அவமானம் அவருக்கு நேர்ந்ததில்லை.

"இது அநியாயம்ணே! கேக்க ஆளில்லன்னு நெனச்சீகளா?"

ஆட்டோ நின்றது. பெரியகருப்பன் தலையை வெளியே நீட்டினார்.

"கேக்க ஆளு இருக்குன்னு ஒனக்குத் தெரியுதுல்ல? அப்ப அங்க போயி மொதல்ல நீ கேளு. நா அப்பறம் ஒங்கிட்டக் கேக்குறேன்."

செபஸ்தியானுக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. பொன்னழகின் கொட்டகை ஆட்கள் தன்னை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"வண்டியத் திருப்புங்கண்ணே. அண்டாவ ஏத்துவோம்," என்றார். சாவியைப் பெரியகருப்பன் தரவில்லை. ரிசீவர் ஆபீஸ் வரைக்கும் அவரே ஓட்டினார்.

வாயிதா அன்று கோர்ட்டில் செபஸ்தியானோடு கடன் கொடுத்த இன்னும் ஏழு பேர் நின்றார்கள். நான்கு நாளாக வீடு வீடாக ஏறி இறங்கி அவர்களைக் கூட்டி வந்தவள் இன்பமேரி. அண்டாக்களையும் கிரைண்டரையும் ஒப்படைத்த ரசீதையும் வில்லங்கச் சான்றையும் சத்தியப்பிரியா நீட்டினாள். பெயர் கூப்பிட்டதும் செபஸ்தியான் எடுத்ததை எடுத்தேன் என்றே சொன்னார். நீதிபதி கண்டித்தார். பிறகு விசாரணை முடியும் வரை நேமத்தான்பட்டி வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று உத்தரவு போட்டார்.

பணம் இன்னும் கைக்கு வரவில்லை. எப்போது வரும், எவ்வளவு வரும் என்றும் தெரியாது. அந்த உத்தரவின் நகலைப் பார்த்துவிட்டுத்தான் பெரியகருப்பன், "முகூர்த்தத்துக்கு மட்டும் இலை தாரேன், மத்தத அப்பறம் பேசுவோம்," என்றார்.

உத்தரவு வந்த அன்றே கோர்ட் வராந்தாவில் பொன்னழகு மறித்தார். முகம் கறுத்திருந்தது.

"அண்டாவ வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமேடா. இப்ப ஒனக்கு என்ன கெடைச்சுச்சு?"

செபஸ்தியான் நின்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் ஓரிடத்தில் அசையாமல் நின்றார்.

"மாஸ்டர், கோர்ட்டு ஒங்களுக்குக் குடுத்தது மூச்சு விட நேரம். எங்கள ஏமாத்த இல்ல. பணம் போச்சுன்னு நாங்க வீட்டுல உக்காந்தாலும் ஒங்களுக்கு லாபம், ஒங்க பொருள்ல கைய வச்சாலும் ஒங்களுக்கு லாபம். நாங்க இங்க வந்து நின்னாத்தான் எங்களுக்கு நாயம். மஞ்சக் கடுதாசி கடனக் கொல்லாது மாஸ்டர். கூப்பிட்ட தேதிக்கு வராத நாங்கதான் இத்தன நாளா அதக் கொன்னுக்கிட்டு இருந்தோம்."