வாடியிலிருந்து அறுபது பாகை

மூக்கையா, வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் கமுதிப் பக்கம் கரிசல்காடு. பிழைக்க வந்த இடம் இராமேஸ்வரம் தீவு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அந்த ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று கிழக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். திசைகாட்டிப் போட்டிக்குக் கிளம்பிய ஆறு ஜோடியில் ஐந்து திரும்பிவிட்டது. கபீரும் பொன்னுச்சாமியும்தான் இன்னும் வரவில்லை.

போட்டி அவனாக யோசித்து வைத்தது. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட திசைகாட்டிகள் மதுரையில் மலிவாகக் கிடைத்தன. பங்குனியில் கிழக்கு மணல்வெளி முழுக்க அலைந்து, கையாலேயே படம் வரைந்தான். ஊருக்குக் கிழக்கே தனுஷ்கோடி வரை தரை ஒடுங்கிக்கொண்டே போகும். வலது கைப்பக்கம் தென்கடல், இடது கைப்பக்கம் வடகடல், நடுவே, அந்தக் காலத்தில், ரயில் தண்டவாளமும் உண்டு. மூன்று இடத்தில் கொடி: ரயில் கேட்டில் ஒன்று, மீன்பிடிக்காரர்களின் ஓலைக் குடிசைகள் நிற்கிற வாடியைத் தாண்டித் தாழம்புதரில் ஒன்று, திரும்புகிற வழியில் தண்டவாளத்தோரம் ஒன்று. ஒவ்வொரு கொடியிலும் ஓர் எழுத்து. மூன்றையும் எழுதிக்கொண்டு முதலில் வருகிற ஜோடிக்குக் கோப்பை. அவ்வளவுதான் விளையாட்டு.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தூக்குச்சட்டியோடு உம்மு ஹபீபா உட்கார்ந்திருந்தாள். கபீரின் தாய். கீழக்கரைக்காரி. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணியோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, தையல் மிஷினும் ஒற்றைப் பிள்ளையுமாகப் போன வருஷம்தான் தீவுக்கு வந்தவள். போட்டிக்குப் பிள்ளையைக் கேட்டபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “தண்ணிப் பக்கம் போற வெளையாட்டுன்னா என் பிள்ளை வேணாம் வாத்தியாரே.”

“தண்ணியே கெடையாதும்மா. அம்புட்டும் மணல்தான். நான் பொறுப்பு,” என்று மூக்கையா நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தான்.

முதலில் வந்து கோப்பையை வென்ற சூசையைக் கூப்பிட்டான். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன்.

“ஏலே சூசை, கபீரைக் கண்ணால பாத்தியாலே?”

“ரயில் கேட்டுல எங்களுக்கு முன்னாடி போனாங்க சார். அப்புறம் வடக்க திரும்புனாங்க.”

“வடக்க எதுக்குலே? அடுத்து மீன் வாடிக்குத்தானே போகச் சொல்லியிருக்கேன்? வாடி தெக்கதானே இருக்கு?”

சூசை கூட்டாளியைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். “பங்குனியில தெக்க இருந்துச்சு சார். ஆனியில தெக்கேருந்து சோழகக் காத்து அடிக்க ஆரம்பிச்சா தென்கடல் குமுறும்ல? குடிசையைப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வடகரைக்குப் போயிருவாங்க. வாடை அடிச்சா திரும்ப வருவாங்க.”

மூக்கையா கரிசல்காட்டுக்காரன். அவன் ஊரில் வீடு என்றால் வீடு. காற்று திரும்பினால் ஊரே நடந்து போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கோடை லீவுக்குக் கமுதி போய்விட்டு வந்தவன். நேற்றுக் கொடி நட்டபோதும் தண்டவாளத்து வழியே நேராகத் தாழம்புதருக்குப் போய்விட்டு வந்தானே தவிர, வாடிப் பக்கம் தலைகாட்டவில்லை.

“அப்ப நீங்கள்லாம் கொடியை எப்படிலே கண்டுபிடிச்சீங்க?”

“நீங்க பழைய வாடியைத்தான் எழுதியிருக்கீங்கன்னு தெரியும்ல. கம்பு நட்ட குழி அங்கனயே கெடக்கு சார்.”

“தெரிஞ்சா சொல்லக்கூடாதாலே?”

“வாத்தியார் எழுதுனதைத் தப்புன்னு எப்படி சார் சொல்றது?”

மீன்பிடி வீட்டுப் பையன்களுக்குத் தெரியும். கீழக்கரையிலிருந்து வந்த கபீருக்கும், பரமக்குடிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த ரயில்வேக்காரர் மகன் பொன்னுச்சாமிக்கும் எப்படித் தெரியும்? குடிசைகள் எங்கே கண்ணில் பட்டதோ அதுதான் வாடி என்று போயிருப்பார்கள்.

சைக்கிளை எடுத்தபோது உம்மு ஹபீபா எழுந்து நின்றாள்.

“எங்க போறீங்க தம்பி?”

“ரெண்டு பேரும் வழி மாறிட்டாங்க போலம்மா. கூட்டிட்டு வாரேன்.”

“தண்ணியே கெடையாதுன்னீங்களே?”

அவன் பெடலை மிதித்தான்.

ரயில் கேட்டோடு ரோடு முடிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மணலில் ஓடினான். வடகரையில் ஓலைக் குடிசைகள் வரிசையாக நின்றன. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் என்ற பெண், இவன் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துக் கூடையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு பையலுக, காக்கி டவுசரு... இங்கன வந்தாங்களா?”

“வந்தாங்களே. தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. கையில ஒரு பொட்டியை வச்சு அதையே பாத்துக்கிட்டு, கெழக்குக் குடிசைகிட்ட நின்னு, அப்படியே கடலுக்குள்ள நடந்துட்டாங்க. தண்ணி வத்திக் கெடந்துச்சா, சங்கு பொறக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.”

மூக்கையா கிழக்கோரக் குடிசைக்கு ஓடினான். தன் திசைகாட்டியை எடுத்தான். ஓடி வந்த இரைப்பில் முள் நிற்க மாட்டேன் என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். ‘வாடியின் கிழக்கோரத்தில் நின்று, அறுபது பாகையில் நேரே நட.’ அவனே எழுதிய வரி. பழைய வாடியில் நின்றால் அது தாழம்புதருக்குக் கொண்டுபோகும். இங்கே நின்றால், நேரே வடகடலுக்கு.

‘கண்ணு சொல்றதை நம்பாதீங்கடா, முள்ளு சொல்றதை நம்புங்க.’ ஒரு மாதமாக அவன் ஓதிய மந்திரம் அது. நம்பியிருக்கிறார்கள்.

காலையில் காய்ந்து கிடந்த இடமெல்லாம் இப்போது தண்ணீர் பளபளத்தது. தூரத்தில், தண்ணீர் வற்றினால் மணல்திட்டு தெரிகிற இடத்தில், இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

“திரும்பி வராம அங்கன என்னத்தைப் பண்றாங்க?” என்றாள் வெள்ளையம்மாள்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் அவன் சொல்லிக்கொடுத்ததுதான். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், விசிலை ஊதுங்கள், நான் வருவேன். ஊதிக்கொண்டுதான் இருப்பார்கள். காற்று தெற்கிலிருந்து அடித்தது; சத்தமெல்லாம் கடல் பக்கம் போயிருக்கும்.

சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. திடீரென்று காலடியில் தரை இல்லை. கண்மாயில் நீந்திப் பழகிய கை, இழுப்பில் ஒன்றுமே செய்ய முடியாமல் அடித்தது. யாரோ பின்னங்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

“யோவ் வாத்தியாரே! மூணு பேரையா தேடணும் நான்?” வெள்ளையம்மாளின் புருஷன் சோணைமுத்து. பெண்டாட்டி போட்ட சத்தம் கேட்டு வந்தவன், வத்தை என்கிற சின்னத் தோணியிலிருந்து எட்டிப் பிடித்திருந்தான். “ஏறும். ஏறிக்கிட்டுப் பேசாம உக்காரும். ஆட்டாதேயும்.”

வத்தை ஆடிக்கொண்டு போனது. போகப் போகத்தான் விசில் கேட்டது. மெலிந்து, விட்டு விட்டு. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மூக்கையா எழுந்து நிற்கப் பார்த்தான். சோணைமுத்து வத்தை தள்ளுகிற கம்பாலேயே அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

பொன்னுச்சாமிக்கு மார்பளவு தண்ணீர். சிப்பி கிழித்த காலைத் தூக்கிக்கொண்டு கபீரின் தோளில் தொங்கினான். கபீர் திசைகாட்டியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தான். உதடு நீலமாக இருந்தது.

“சார், கொடியைக் காணோம் சார்,” என்றான் கபீர், வத்தைக்குள் விழுந்ததும்.

“நான் அப்பவே சொன்னேன், திரும்பிருவோம்னு. இந்தப் பய, சார் நிக்கச் சொல்லிருக்காருலேன்னு பிடிச்ச பிடியை விடல,” என்று பல் கிட்டிக்கொண்டே சண்டைக்கு வந்தான் பொன்னுச்சாமி.

“வந்தாருல்லலே?” என்றான் கபீர்.

மூக்கையா தலையைத் திருப்பிக்கொண்டான்.

கரையில் உம்மு ஹபீபா நின்றிருந்தாள். ரயில் கேட்டிலிருந்து மணலில் நடந்தே வந்திருக்கிறாள். முக்காடு காற்றில் பறக்க, அவள் அதைப் பிடிக்கக்கூட இல்லை. வத்தை மணலில் தட்டியதும் கபீரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். பிறகு ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.

“அவனை அடிக்காதீங்கம்மா,” என்றான் மூக்கையா. “நான் எழுதுனபடிதான் நடந்திருக்கான். வாடி மாறுனது எனக்குத் தெரியல. தப்பு என்னோடது.”

அவள் அவனைப் பார்த்தாள். நனைந்து ஒட்டிய சட்டை, கிழிந்த காலர். சோணைமுத்து மட்டும், “வாத்தியாரும் முங்கத்தான் பாத்தாரு தாயி,” என்றான்.

வெள்ளையம்மாள் பொன்னுச்சாமியைக் குடிசைக்குள் கூட்டிப்போய்க் காலில் கட்டுப்போட்டாள். கபீர் உம்மா கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். வாயைத் துடைத்தபடி நிமிர்ந்தான்.

“சார், ரெண்டாவது கொடியும் மூணாவது கொடியும் பாக்கி இருக்கு. கோப்பை வேணாம். கண்டுபிடிக்காம வீட்டுக்குப் போக மாட்டேன்.”

மூக்கையா அவன் உம்மாவைத்தான் பார்த்தான்.

உம்மு ஹபீபா கடலைப் பார்த்தாள். தெற்கே மணலைப் பார்த்தாள். முக்காட்டை இழுத்துச் செருகினாள்.

“பொழுது சாயிறதுக்குள்ள வந்துரணும்,” என்று மகனிடம் சொல்லிவிட்டு, மூக்கையாவிடம் கை நீட்டினாள். “நீங்களும் கூடப் போங்க தம்பி. கண்ணால பாத்து நடந்தாப் போதும், அந்த முள்ளுப் பொட்டியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க.”