வலது பின்சக்கரம்

1

இந்தக் கதை எனக்குச் செல்சாவுடைய காரின் பின்னிருக்கையில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி; பிலிப்பைன்ஸ் மலையூரான லா டிரினிடாட்டின் சந்தைக்குப் போனால் என்னையும் ஏற்றிக்கொள்வாள். பழைய கார். டாஷ்போர்டில், சறுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று சில வாரங்களாக எரிந்துகொண்டிருந்தது.

நான் எழுதிய முதல் வரி: ‘மலைப்பாதையில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு’

வேண்டாம். அங்கே எப்போதும்தான் பெய்கிறது.

2

சக்கரம் வழுக்கினால் தானே பிடித்துக்கொள்ளும் வசதி வேலை செய்யவில்லை என்று அந்த விளக்குக்கு அர்த்தம். செல்சாவின் கணவர் அலிப்பியோ, ஹால்சிமா மலைச்சாலையில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை போனதும், இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“பழைய காருன்னா நாலு விளக்கு எரியத்தான் செய்யும். என் பஸ்ல ஹெட்லைட்டே ஒழுங்கா எரியாது.”

“அதான் உன் கண்ணு இப்படி ஆச்சா?” என்றாள் செல்சா.

(இந்த இடத்தில் அவரை நான் நம்பவில்லை. இவ்வளவு லேசாகப் பேசுகிறவர் ஏன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருகிறார்? அன்று கவனிக்கவில்லை, எழுதும்போதுதான் உறைக்கிறது.)

பிறகொரு நாள் சேற்று வளைவில் கார் வழுக்கி, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றது. செல்சா நேரே மெக்கானிக் டொமினாடோரிடம் ஓட்டிப் போனாள்.

3

முதல் வரைவில் இது துருப்பிடித்த சென்சாரின் கதை. டொமினாடோரும் அப்படித்தான் நினைத்தான். சக்கரங்களின் வேகத்தை அளக்கும் சென்சார்களைக் கழற்றித் துடைத்தான். விளக்கு அணைந்தது, சந்தையைத் தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. அதனால் சோதனைக் கருவியைச் செருகிக்கொண்டு அவனே முன்னால் உட்கார்ந்து வந்தான். அலிப்பியோ பின்னால், என்னோடு.

“நேராத்தான் போறோம் அக்கா. மூணு சக்கரம் நாப்பதுங்குது. வலது பின்னாடி மட்டும் நாப்பத்திரண்டுங்குது. அது மட்டும் தனியா எங்க போகுது?”

நிறுத்தச் சொல்லி இறங்கினான். டயரில் அச்சிட்டிருந்ததைப் படித்தான்.

“இது சின்ன சைஸ். சின்னது வேகமாச் சுத்தும். சறுக்குதுன்னு காரு நினைச்சுக்குது. யாரு மாத்தினது?”

“யாரும் மாத்தலையே,” என்றாள் செல்சா.

“நான்தான். கெடச்ச பழைய டயரை மாட்டினேன்,” என்றார் அலிப்பியோ.

4

தங்கை வீட்டுச் சாவுக்குச் செல்சா போயிருந்தபோது அவர் காரை எடுத்திருக்கிறார்.

“ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாம்னு தோணுச்சு. வளைவுல ஒரு சோளக்காரி ஓரமா நின்னிருக்கா. எனக்கு ஆளே தெரியல செல்சா. கூடை பறந்தப்பதான் தெரிஞ்சுது. ஒடிச்சுத் திருப்பினேன், பின்சக்கரம் மதகுல மோதி வெடிச்சுது.”

“அவளுக்கு?”

“எழுந்து நின்னா. கண்ணாடியில பாத்தேன். நான் நிக்கல. வெடிச்ச டயரோடயே போயிட்டேன்.”

செல்சா அவரை அறைந்தாள் என்று எழுதிப் பார்த்தேன். அழுதாள் என்றும் எழுதினேன். இரண்டும் பொய். டொமினாடோர் பட்டறைப் பக்கம் நடந்துவிட்டான். அவள் சாவியைத் திருப்பினாள்.

“எந்த வளைவு?”

5

சோளக்காரி அங்கேதான் இருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து தோலுரித்துக்கொண்டிருந்தாள். அலிப்பியோ ஒரு காலைக் கீழே ஊன்றிவிட்டுத் திரும்பினார்.

“என்னன்னு சொல்றது?”

“எனக்கென்ன தெரியும்? நீதான ஓட்டின.”

அவருடைய முதல் வாக்கியத்தைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். ‘மன்னிச்சிடும்மா’ என்பது போதவில்லை. ‘எனக்குக் கண்ணு தெரியாது’ என்பது உண்மைதான், ஆனாலும் நழுவப் பார்ப்பதுபோல் இருக்கிறது. ‘அன்னிக்கு நான்’

என் பக்கத்துக் கண்ணாடி ஏற்றியிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவர் முன்னால் போய் நின்றதும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருக்கிறாள். சோளம் வாங்க வந்தவர் என்று நினைத்துச் சிரிக்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள்.